அணையாத எச்சரிக்கை

இடைவிடாது ஒலிக்கும் மணிக்கு எவரும் செவிகொடுப்பதில்லை. இடைவிடாது எரியும் எச்சரிக்கை விளக்கின் கதியும் அதுவே. எரிபொருள் குறைந்துவிட்டதென அறிவிக்கும் மஞ்சள் விளக்கு, என் பழைய காரிலே, தாங்கி நிறைந்திருந்தபோதும் குறைந்திருந்தபோதும் ஒரே சீராக எரிந்துகொண்டிருந்தது. முப்பது ஆண்டுகளைக் கடந்த யப்பானியக் கார் அது. புளியங்குளத்திலிருந்து ஆசிரியர் நால்வர் பெற்றோற் செலவைப் பங்கிட்டுக்கொண்டு அதிலேதான் பாடசாலைக்குப் போய்வருகிறோம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அனுமதி வந்தபோதும் புதிய காரின் விலை ஆசிரியரின் சம்பளத்துக்கு எட்டவில்லை. பழையதைத் திருத்தி ஓட்டுவதன்றி நமக்கு வேறு வழி ஏது?

"அந்தக் குமிழைக் கழற்றி எறிந்துவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்றார் உடன் வரும் நண்பர். சந்தியிலே கராஜ் வைத்திருக்கும் பெரியவர் அதற்கு இசையவில்லை. "லைற் பொய் சொல்லாது, மாஸ்ரர். அதுக்குச் செய்தி கொண்டு போற வயர்தான் பொய் சொல்லும்" என்றார்.

அவர் விளக்கியதை இங்கு சொல்லுதல் பயனுடையது. தாங்கிக்குள் ஒரு மிதவை உண்டு. பெற்றோலின் மட்டத்தோடு அது ஏறியிறங்க, அதற்கேற்ப மானியின் முள் நகர்கிறது. எங்கள் காரைப் போன்றவற்றில் விளக்குக்குத் தனியே வேறோர் உறுப்பு உண்டு. தாங்கியின் அடிப்பக்கத்தில் தேர்மிஸ்டர் எனப்படும் சிறு மின்னுறுப்பு பொருத்தப்பட்டிருக்கும். பெற்றோலில் மூழ்கியிருக்கும்வரை அது குளிர்ந்திருக்கும். அதன் மின்தடையும் உயர்ந்திருக்கும். மட்டம் தாழ்ந்து அது வெளிப்பட்டதும், தன்னூடு பாயும் மின்னோட்டத்தாலேயே சூடேறும். தடை குறையும், விளக்கு எரியும்.

சோதனையும் எளியதே. தாங்கியில் எவ்வளவு உண்டென்பதை முதலில் உறுதி செய்தார். மானியின் முள் சரியாகவே நின்றது. ஆகவே மிதவையிற் குறையில்லை. அடுத்து, பின்னாசனத்தின் கீழே, தாங்கியிலிருந்து வரும் விளக்கு வயரின் இணைப்பைக் கழற்றினார். விளக்கு அணைந்திருந்தால் குற்றம் தாங்கிக்குள்ளே இருக்கும் உறுப்பினுடையது. அது அணையவில்லை. அப்படியாயின் இடைவழியில் வயர் காரின் உடலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தேடிப் பார்த்தபோது, தகட்டின் விளிம்பில் உராய்ந்து உறை தேய்ந்த இடம் அகப்பட்டது. பற்றரியின் இணைப்பை நீக்கிவிட்டு, வயருக்குப் புதிய உறையிட்டுச் சுற்றினார். தாங்கி வெறுமையாகியும் விளக்கு எரியாத கார்களில், அதே வயரைக் காரின் உடலிற் தொட்டுப் பார்ப்பாராம். எரிந்தால் தாங்கியின் உறுப்பு செத்துவிட்டது. எரியாவிட்டால் குமிழோ பியூசோ வயரோ பழுது.

வேலை முடிந்தபின் அவர் பழைய காலத்தைப் பற்றிப் பேசினார். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்கு எரிபொருளும் பற்றரியும் தடைசெய்யப்பட்டன. அக்காலத்தில் இங்கு ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களின் இயந்திரங்கள் குறைந்த அமுக்கத்தில் இயங்குபவை. சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றரில் ஊற்றி இயக்கி, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கரும்புகை கக்கிக்கொண்டு அவை ஓடின. நோயாளியைச் சுமந்தன, இடம்பெயர்ந்தோரின் மூட்டை முடிச்சுகளைச் சுமந்தன. அதே மண்ணெண்ணெயில் ஒரு துளியை ஜாம் போத்தலில் விட்டுத் திரியிட்டு, அந்த வெளிச்சத்திலே பிள்ளைகள் படித்தார்கள். அவ்வாறு எழுத்துக் கூட்டியவர்களுள் நானும் ஒருவன். 1997 மே 13இல் ஏ-9 வீதியைக் கைப்பற்றத் தொடங்கிய ஜயசிக்குறு நடவடிக்கையின்போது, புளியங்குளம் மாதக்கணக்கிற் போர்முனையாயிற்று. அந்நாளில் வன்னி முழுவதற்குமே எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

2022இல் அந்த விளக்கு நாடு முழுவதற்கும் எரிந்தது. 1969 முதல் இயங்கிவந்த சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம், 2021 நவம்பரில் மசகு எண்ணெய் வாங்க டொலரின்றி மூடப்பட்டது. அதுவே போதிய எச்சரிக்கை அன்றோ? எனினும் 2022 சனவரியில் அரசு சர்வதேசப் பிணைமுறிக்காரருக்கு 50 கோடி டொலரைச் செலுத்திற்று. மார்ச்சில் எரிபொருள் வரிசைகளிற் காத்துநின்ற முதியவர்கள் உயிரிழந்தனர். ஏப்பிரல் 12இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அரசு அறிவித்தது. 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல், 2022 யூனில் 470 ரூபாவாயிற்று. 87 ரூபாவுக்கு விற்ற மண்ணெண்ணெய் ஓகஸ்டில் 340 ரூபாவாயிற்று. பாடசாலைகள் மூடப்பட்டன. யூலையில் கியூஆர் அட்டை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் எனப் பங்கிடப்பட்டது. தெற்கிலுள்ள நண்பர்கள் அப்போது அடைந்த திகைப்பு எமக்கு விளங்கிற்று. எமக்கோ அது பழகிய பாடம்.

தாங்கியைக் காற்பங்குக்குக் கீழே இறங்கவிடக் கூடாதென்பர். அதில் உண்மை உண்டு. தாங்கிக்குள்ளேயே மின் பம்பி இருக்கும் கார்களில் பெற்றோலே அதைக் குளிர்விக்கிறது. அடிமட்டத்தில் ஓட்டினால் கசடு வடிகட்டியை அடைக்கும். ஆயின் ஐந்நூறு ரூபாவுக்கு மட்டும் பெற்றோல் அடித்துக்கொண்டு கூலிவேலைக்குப் போகிறவனிடம் இந்த அறிவுரையைச் சொல்வது எங்ஙனம்? அவனுடைய விளக்கு எரிவது வயரின் பழுதினாலன்று. வெறுமையே அவனது வழமையாகிவிட்டது.

ஆசிரியர்களாகிய நம் கையிலும் ஓர் எச்சரிக்கை விளக்கு உண்டு. அது வரவு இடாப்பு. 2022இல் பாடசாலை மீண்டும் திறந்தபோது என் வகுப்பில் மூவர் வரவில்லை. வாரங்கள் கழிந்தன. "பெயரை வெட்டிவிட்டால் வரவு வீதம் கூடும்" என்று ஓர் ஆலோசனை வந்தது. குமிழைக் கழற்றும் யோசனைதான் அதுவும். நாங்கள் வீடுகளுக்குச் சென்றோம், சைக்கிளில். ஒருவன் உறவினரோடு வேறூருக்குப் போய், அங்கே பாடசாலையிற் சேர்ந்திருந்தான். அங்கே விளக்கு வீணாக எரிந்தது. மற்ற இருவருடைய நிலை அவ்வாறன்று. ஒருவன் செங்கல் அறுக்கும் இடத்தில் வேலை செய்தான். மற்றவளுடைய தந்தையின் நீரிறைக்கும் இயந்திரம் மண்ணெண்ணெயின்றி நின்றுவிட, தோட்டம் கருகியிருந்தது. தாய் கூலிக்குப் போக, தம்பியைப் பார்த்துக்கொண்டு அவள் வீட்டிலிருந்தாள்.

"என்ரை பேரை வெட்டிப் போட்டீங்களோ, சேர்?" என்றுதான் அவள் முதலிற் கேட்டாள். வெட்டவில்லை என்றேன். தம்பியை முன்பள்ளியிற் சேர்க்க ஆசிரியர்கள் கூடி ஒழுங்கு செய்தோம். இரு வாரங்களில் அவள் வந்தாள். செங்கல் அறுத்தவன் வரவேயில்லை. அவனுடைய கூலியை நம்பி நால்வர் இருந்தனர். அதற்கு ஈடுசெய்ய ஆசிரியர்களின் பையிற் பணமில்லை. அது அரசின் கடமை. அதனைக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்றளவும் மறுமொழி இல்லை. பிரதியை வைத்திருக்கிறேன், மீண்டும் எழுதுவோம்.