கோரெல் என்னும் ஊர்

இம்மலருக்குக் கட்டுரை வேண்டிய நண்பர், "தங்கவயல்காரராயிற்றே, பொன்னைப் பற்றி எழுதுங்கள்" என்றார். பொன்னைப் பற்றி எழுத என்னிடம் யாதும் இல்லை. நான்கு தலைமுறையாகப் பொன் தோண்டிய குடியிற் பிறந்தும், பாறையில் பதிந்த பொன்னை ஒருமுறையேனும் நான் கண்டதில்லை. நான் கண்டது ஒரு விளையாட்டு. மீசை நரைத்த பின்னும் விளையாட்டைப் பற்றி எழுதுகிறானே என்று பெரியோர் நகைப்பாராயின், நகைக்கட்டும்.

கோலார் தங்கவயலில் ஸ்கெலட்டன் என்று வழங்கும் குடியிருப்பில் 1985-ஆம் ஆண்டு பிறந்தேன். எம் ஊர்ப்பெயரை லிப்கோ அகராதியில் தேடி, அதற்கு எலும்புக்கூடு என்று பொருள் கண்ட நாளில் சற்றே அஞ்சியதுண்டு. என் பூட்டனார் வட ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். அன்று தொட்டு எங்கள் வீட்டு ஆடவர் அனைவரும் கூண்டில் ஏறிக் கீழே இறங்கியவர்களே. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல். அவ்வாழத்தில் பாறை தானே வெடிப்பதுண்டு. 'ஏர்பிளாஸ்ட்' என்பர் முதியோர். அப்போது வீட்டு அடுக்கில் பித்தளைச் செம்புகள் கலகலவென ஒலிக்கும். என் தாயார் அடுப்பை விட்டு வாசலுக்கு வந்து நிற்பார். வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் பெண்டிர் அவ்வாறே வந்து நிற்பர். ஒருவரும் பேசார்.

1998-இல் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு சிறு கடையில் தொலைக்காட்சிப் பெட்டிகளை வைத்து, மணிக்கணக்கில் கட்டணம் பெற்று விளையாட விடுவர். பிள்ளைகள் குத்துச் சண்டைக்கும் கார்ப் பந்தயத்துக்கும் முண்டியடிப்பர். ஒரு மூலையில் எவரும் தீண்டாத வட்டுகள் மூன்று கிடந்தன. அதுவே 'ஃபைனல் ஃபேன்டஸி 7'. தீண்டாமைக்குக் காரணம் உண்டு: அதில் ஓயாமல் படிக்க வேண்டும்.

இவ்வகை விளையாட்டை ஆங்கிலத்தில் 'ரோல் பிளேயிங் கேம்' என்பர். வேடமேற்று ஆடும் ஆட்டம் என்று நாம் கொள்ளலாம். அமெரிக்காவில் தோன்றிய இதனை யூஜி ஹோரி என்பார் 1986-இல் 'டிராகன் குவெஸ்ட்' வழியாக ஜப்பானியச் சிறுவருக்கு ஏற்ப எளிமைப்படுத்தினார். அடுத்த ஆண்டே ஹிரொனொபு சகாகுச்சியின் 'ஃபைனல் ஃபேன்டஸி' வரிசை தொடங்கிற்று. இவற்றில் விரைந்த கைக்கு வேலை மிகக் குறைவு. ஊர் ஊராக நடந்து, கண்டவரோடெல்லாம் உரையாடி, சிறுகச் சிறுக வலிமை சேர்த்து, முறை வைத்துப் போரிட வேண்டும். விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தைக் கண்டு வளர்ந்த எனக்கு அந்நிதானம் அந்நியமாகத் தோன்றவில்லை.

மடியில் அகராதியுடன் அமர்ந்து ஆடினேன். என் ஆங்கிலத்தின் பாதி அவ்வாறு வந்தது. அவ்வாங்கிலமும் மாசற்றதன்று, ஒருமை எழுவாய்க்குப் பன்மை வினை கொடுத்த வாக்கியம் ஒன்று அவ்விளையாட்டில் உண்டு. அதே பிழையை நான் தேர்வில் எழுதி அடிபட்டேன். ஜப்பானிலிருந்து வந்த ஆங்கிலத்தையும் ஐயுற வேண்டும் என்று அன்று அறிந்தேன்.

2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. எனக்கு வயது பதினாறு. என் தந்தையாருக்கு ஒரு தொகை கைக்கு வந்தது. கடன் தீர்த்து, தங்கைக்கென ஒரு பகுதியை ஒதுக்கிய பின், "உனுக்கு இன்னாடா வேணும்?" என்று கேட்டார். படிப்புக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். நான் பிளேஸ்டேஷன் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பெங்களூர் சென்று, கடைத்தெருவில் பழைய பெட்டி ஒன்றையும், ஆட்டத்தைப் பதிந்து வைக்கும் நினைவட்டை ஒன்றையும், வட்டுகள் சிலவற்றையும் வாங்கி வந்தார். என் தாயார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அது முறையே என்று இன்று தோன்றுகிறது. வட்டுகள் களவுப் பதிப்புகள் என்பதை அன்று அறியேன். அறிந்திருந்தாலும் மறுத்திருப்பேன் என்று பொய் கூற மாட்டேன்.

அதன்பின் தந்தையார் பெங்களூரில் ஒரு கட்டடத்துக்குக் காவலராகச் சேர்ந்தார். மாரிக்குப்பத்திலிருந்து இருட்டோடு புறப்படும் ரயிலில் சென்று இரவு திரும்புவார். ஞாயிறு ஒருநாள்தான் அவரை முழுதாகக் காண்போம். அந்நாளில் என் பின்னால் கயிற்றுக்கட்டிலில் சாய்ந்து, ஆட்டத்தைப் பார்ப்பதும் உறங்குவதுமாக இருப்பார். ஆட்டத்தில் கோரெல் வந்த அன்று எழுந்து உட்கார்ந்தார்.

கோரெல் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். மின்னாற்றல் விற்கும் பெருநிறுவனம் ஒன்று அங்கே உலை அமைக்க வருகிறது. பாரெட் என்பவன் ஊரார் நலம் கருதி அதனை ஆதரித்துப் பேசுகிறான். உலை விபத்துக்குள்ளாக, நிறுவனம் ஊரைக் கொளுத்திவிடுகிறது. ஆண்டுகள் கழித்துத் திரும்பும் பாரெட்டை, குப்பைக் கூளங்களிடையே வாழும் அவ்வூரார் அடிக்கின்றனர். அவனோ, எல்லாம் தன் பிழை என்று தலைகுனிகிறான். அவ்விடத்திலிருந்து கம்பிவழி ஊர்தியில் சென்றால் வானில் தங்கமயமான கேளிக்கைக் கூடம். அதன் கீழே மணலில் சிறை.

"அவுங்களுக்கு இன்னா வேலை இப்போ?" என்று தந்தையார் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல நைனா. கரி எடுக்கறது நின்னுபோச்சி."

சிறிது நேரம் திரையையே நோக்கியிருந்துவிட்டு, "தங்கம் மேல, ஜனம் கீழ. சரியாத்தான் எழுதி இருக்கான்" என்றார். பின்னர், "யாருடா எழுதினது?" என்றார். ஜப்பான்காரர் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "சப்பான்காரங்களா! நம்ம குழிக்குள்ள வந்தாங்களே, அவுங்கதான் பாத்துட்டுப் போய் எழுதி இருப்பாங்க" என்றார்.

நான் சிரித்தேன். சிரித்தது தவறு என்பதைப் பல்லாண்டுக்குப் பின் படித்தறிந்தேன். ஜப்பானியர் மெய்யாகவே எங்கள் சுரங்கத்துள் இறங்கியிருந்தனர். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் கூடி நிலத்தின் அடியில் கருவிகளை நிறுத்தி, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ துகள்களின் தடத்தை 1965-இல் கண்டன. உலகில் அத்தடத்தை முதன்முதல் கண்டவை இருவேறு குழுக்கள்; மற்றதும் தென்னாப்பிரிக்காவில் ஒரு தங்கச் சுரங்கத்துள்ளேதான் கண்டது. 1980-களில் ஒசாகா அறிஞர் மீண்டும் வந்து, புரோட்டான் சிதைகிறதா என்று இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே பல ஆண்டுகள் காத்திருந்தனர். அவர்தம் இரும்புப் பெட்டிகளைக் கூண்டில் இறக்கியவர்களுள் என் தந்தையாரும் ஒருவர். வெப்பத்தில் சட்டை நனைந்து ஒட்ட, கைகுவித்துக் குனிந்து வணங்கும் அம்மனிதர்களை அவர் மறக்கவில்லை.

அவர்கள் கோரெலை எழுதவில்லை என்பது உண்மையே. எழுதியவர்களுக்கு எங்கள் குழி வேண்டியிருக்கவும் இல்லை. அவ்விளையாட்டு ஜப்பானில் வெளியானது 1997 ஜனவரியில். கியூஷூ தீவின் புகழ்பெற்ற மீகே நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டது அதே ஆண்டு மார்ச்சில். சுரங்கம் ஓய்ந்தால் ஊர் என்னாகும் என்பதை அந்நாட்டாருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாம் வட்டில் கோரெல் மீண்டும் வரும். ரயில் ஒன்று அவ்வூரை நோக்கிப் பாய்கிறது. நாம் வேறொரு ரயிலில் துரத்தி, பகைவரை வென்று, குறித்த நேரத்துக்குள் அதனை நிறுத்த வேண்டும். இரு பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்தினால் வேகம் கூடும். முதன்முறை நான் தவறினேன். ரயில் ஊருக்குள் புகுந்தது.

தந்தையார் எழுந்து வாசலுக்குச் சென்று நின்றார்.

இவ்விளையாட்டில் அது தோல்வியன்று. ஊர் அழிந்தாலும் ஆட்டம் தொடரும். அதனால் நான், "பரவால்ல நைனா, இந்த ஊரு போனாலும் கதை போகும்" என்றேன்.

"ஊரு போனா கதை எப்பிடிடா போகும்?" என்றார், திரும்பாமலே. பின்னர் உள்ளே வந்து, "பழசு எழுதி வச்சிருக்கியா?" என்று கேட்டார்.

"ரயில் வர்றதுக்கு முன்னாடி இருக்குது."

"அப்போ அங்கியே போ."

சென்றேன். மறுமுறையும் தவறினேன். நடுவே மின்சாரம் போயிற்று; மெழுகுவர்த்தி ஏற்றிக் காத்திருந்தோம். விடியலில் ரயிலைப் பிடிக்க வேண்டியவர் உறங்காது உட்கார்ந்திருந்தார். மின்சாரம் வந்தபின் நடுநிசி கடந்து மூன்றாம் முறை ஆடியபோது, ஊர் விளிம்பில் ரயில் நின்றது. கோரெல் மக்கள் வெளியே வந்தனர். தந்தையார் என்னைப் பாராட்டவில்லை. உறங்கிக்கொண்டிருந்த என் தாயாரை எழுப்பி, "டீ போடு" என்றார். அந்நேரத்தில் எதற்கென்று அவர் கேட்டதற்கு விடையும் சொல்லவில்லை. மூவரும் குடித்தோம்.

பின்னர் 'சுய்கோடென்', 'டிராகன் குவெஸ்ட் 8' எனப் பலவற்றை ஆடினேன். அவை சிறந்தவை, சொல்லுதற்குக் கதை ஏதும் இல்லை. பெங்களூரில் எனக்கு வேலை கிடைத்தது. தந்தையார் 2013-இல் மறைந்தார். பிளேஸ்டேஷன் பழுதாயிற்று, நினைவட்டை அவருடைய பித்தளை எண்வில்லையோடு ஒரே டப்பாவில் கிடக்கிறது.

அப்பழைய ஆட்டத்தைப் புதிதாக ஆக்கி, பாகம் பாகமாக வெளியிட்டு வருகின்றனர். 2024 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பாகத்தில் கோரெலைக் கண்டேன். பலகைகளில் ஆணி தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. ஆனால் ரயில் வருவதற்கு முன்பே அப்பாகம் முடிந்துவிடுகிறது. தாத்தா காத்த ஊரின் கதையைக் கேட்ட என் மகன், "ரயில் எப்போ வரும்ப்பா?" என்று நச்சரிக்கிறான். அடுத்த பாகத்தில் வரலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்தும் பயிற்சியை அவனுக்கு இப்போதே கொடுத்து வருகிறேன்.