கோப்பு மாறியபோது காணாமற்போனவர்கள்

கடந்த மாரியில் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடிக்கிடந்த ஒரு வார இறுதி. நாவிதன்வெளியிலிருந்து கல்முனைக்குப் போக வழியில்லை. வீட்டுக்கு வந்திருந்த மருமகன் மடிக்கணினியைத் திறந்து, "மாமா, நீங்க புரூப் பார்க்கிற ஆள்தானே, இதையும் ஒருக்காப் பாருங்க" என்றான்.

அவன் ஆடுவது 2020இல் வெளிவந்த குருசேடர் கிங்ஸ் 3. 1066இல் சோழ அரசனாகத் தொடங்கியிருந்தான். மெய்யான வரலாற்றில் 1070இல் விஜயபாகு பொலன்னறுவையைச் சோழரிடமிருந்து மீட்டான். மருமகனின் ஆட்டத்திலோ சோழர் வெளியேறவேயில்லை. அந்த ஆட்டம் 1453உடன் முடிந்துவிடும். மேலே தொடர, சேமித்த கோப்பை யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4 என்னும் அடுத்த ஆட்டத்துக்கு ஏற்ப மாற்றவேண்டும். அதற்கான மாற்றியை ஆர்வலர்களே எழுதி இலவசமாகத் தருகிறார்கள்.

எனக்கு இது புதிதல்ல. பாமினியில் தட்டெழுதிய பழைய கட்டுரைகளை யுனிகோட்டுக்கு மாற்றிப் பிழை பொறுக்கியே கண் கெட்டவன் நான். மாறிய பக்கம் முதற்பார்வைக்குச் சரியாகவே இருக்கும். கொம்பு எங்கே இடம்மாறியது என்பது வாசித்தால்தான் தெரியும். ஆகவே, மாற்றுமுன் ஒரு பட்டியல் எழுதச் சொன்னேன்: எல்லைகள், அரசன், வாரிசு, ஒவ்வொரு நிலத்தின் பண்பாடு, மதம். மாற்றியபின் ஒவ்வொன்றாகக் குறி போட்டோம்.

எல்லைகள் பெரும்பாலும் தப்பவில்லை. பல சிறு நிலங்கள் ஒரே மாகாணத்துக்குள் அடைபடும் இடங்களில்தான் இழுபறி. அரசனும் வாரிசும் வந்துசேர்ந்தார்கள். அரசனின் குணம் முழுவதும் நிருவாகம், இராஜதந்திரம், படை என்று மூன்று எண்களாகச் சுருங்கியிருந்தது. அவன் சிறையிலிட்ட தம்பியைக் காணோம். கைம்பெண்ணாகி அரண்மனைக்குத் திரும்பிய அத்தையையும் காணோம்.

"அவங்களுக்கு அங்க இடமில்ல மாமா."

எங்கள் கரையோரத்தைத் தேடினேன். இரண்டு ஆட்டங்களிலும் ஒரு நிலத்துக்கு ஒரு பண்பாடு, ஒரு மதம் மட்டுமே. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வாய்க்கால் நீருக்கு முறைவைத்துக் காத்திருக்கும் வயல்களை அந்தக் கட்டத்தில் எப்படி எழுதுவது? ஆனாலும் ஆட்டத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிந்தது. பின்னர் வந்த எல்லைப் பிணக்குகளில், எந்தக் கட்டத்துக்குள் எவர் என்பதையே முப்பது வருடமாகச் செய்தியாக எழுதிவருகிறேன். 'இரு தரப்பினர்' என்று எழுதி நான் விட்டுவிட்ட பெயர்கள் என் பழைய குறிப்பேடுகளில் கிடக்கின்றன.

பழைய கோப்பை அழித்துவிடாதே என்றேன். அவன் அதைத் திறந்து, சிறையில் இருந்த தம்பியின் பெயரைத் தேடத் தொடங்கினான்.