ஆணிக்கேற்ற ஆயுதம்

“வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்” என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். நம் வீடுகளில் இந்தப் பழமொழியை யாரும் சந்தேகித்ததாகத் தெரியவில்லை. கதவுப் பிணைச்சல் ஆடினாலும், சட்டியின் கைபிடி கழன்றாலும், பிளக்கின் உள்ளே வயர் விட்டுப்போனாலும் முதலில் கைக்கு வருவது மேசைக்கத்திதான். அது இல்லாவிட்டால் கத்தரிக்கோலின் முனை. அதுவும் இல்லாவிட்டால் ஐந்து ரூபாய்க் குற்றி. பல நாள் காரியம் நடந்தும் விடுகிறது. நடக்காத ஒரு நாளில்தான் புல்லுக்கும் ஆயுதத்துக்கும் உள்ள வித்தியாசம் விளங்கும்.

எங்கள் வீட்டுக்கு அந்த நாள் ஒரு நோன்பு மாதத்தில் வந்தது. உம்மா தையல் வேலை செய்பவர். பெருநாளுக்கு முந்திய இரண்டு வாரமும், பாடசாலை தொடங்குவதற்கு முந்திய சில வாரங்களும்தான் எங்கள் வீட்டின் அறுவடைக் காலம். அபாயாக்களும் சட்டைகளும் வெட்டிக் குவிந்திருந்த வேளையில் மெஷின் தையலைத் தவறவிடத் தொடங்கியது. உம்மா நூலை மாற்றினார், ஊசியை மாற்றினார், சரிவரவில்லை. ஊசிக்குக் கீழே உள்ள தட்டைக் கழற்றி உள்ளே துப்புரவு செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அந்தத் தட்டைப் பிடித்திருந்த இரண்டு இஸ்குருப்புகளில் ஒன்றின் தலை, பாவித்த மெஷினாக அதை நாங்கள் வாங்கும்போதே சிதைந்திருந்தது. முன்பு யாரோ பொருந்தாத எதையோ வைத்துத் திருகியிருக்கிறார்கள். தலையிலிருந்த வெட்டு இரு முனையிலும் வழுவழுப்பாகத் தேய்ந்து போயிருந்தது.

ஓர் இஸ்குருப்புத்தானே, கடையில் வேறொன்று வாங்கலாம் என்று நினைப்போம். தையல் மெஷினில் அது அவ்வளவு இலேசல்ல. உதாரணமாக, சிங்கர் கம்பனி தன் மெஷின்களுக்கென்றே தனிப் புரியளவுகளை வைத்திருந்தது. ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் சாதாரண திருகாணி அதில் ஏறாது. சுண்டுவிரல் நகமளவுகூட இல்லாத ஓர் இரும்புத் துண்டு, ஊராரின் பெருநாள் உடுப்பையும் அதை நம்பியிருந்த எங்கள் வீட்டுச் செலவையும் நிறுத்தி வைத்துவிட்டது.

வாப்பா ஒருவரை அழைத்து வந்தார். தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நீண்ட காலம் பிட்டராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். இப்போது தையல் மெஷின் திருத்துகிறார். எல்லோருக்கும் அவர் ‘பாஸ் ஐயா’. அவர் மெஷினைத் தொடுவதற்கு முன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இஸ்குருப்பின் தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்த திருப்புளிகளில் மூன்றை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிட்டு விலக்கினார். நான்காவது, கட்டைக் கைபிடியுள்ள அகலமான ஒன்று. அதன் நுனியை அரத்தால் நாலைந்து முறை உரசி வெட்டுக்குள் வைத்தார். ஆடாமல் நின்றது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, “கொஞ்சம் ஊறட்டும் பாப்பா” என்றார். பத்து நிமிடம் கழித்துத் திருப்புளியை மறுபடி வைத்து, அதன் மேல் சிறு சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். பின் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திருப்பினார். கழன்றது. உள்ளே பஞ்சுத் தூசு கம்பளித் துண்டுபோல இறுகிக் கிடந்தது.

“பெலம் வேணாம் பாப்பா. தலையப் பார்த்து ஆயுதத்த எடுக்கணும். பொருந்துனா அதுவா வரும்” என்றார். நான் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படிக்கிறேன் என்று வாப்பா சொன்னதும், அந்தப் பை முழுவதையும் தரையில் விரித்துக் காட்டினார். நான் இங்கே எழுதுவதில் பாதி, அன்று அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அவர் சொன்னது. மீதி, பிறகு நான் தேடிப் படித்தது.

முதலாவது, ஒற்றை வெட்டுத் தலை. இதற்குத் தட்டைத் திருப்புளி வேண்டும். நாம் நுனியின் அகலத்தை மட்டும் பார்க்கிறோம், தடிப்பையும் பார்க்க வேண்டும். நுனியின் அகலம் வெட்டின் நீளத்துக்கு ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும். தடிப்பு வெட்டை நிரப்ப வேண்டும். நுனி ஒடுங்கியிருந்தால் முழு விசையும் நடுவில் சிறிய இடத்தில் விழுந்து ஓரங்களைக் கிழிக்கும். மெல்லியதாக இருந்தால் வெட்டுக்குள் சரிந்து நிற்கும். அகலம் மிஞ்சினால் சுற்றியுள்ள தட்டில் கீறல் விழும். பாஸ் ஐயா அரத்தை எடுத்தது அந்தத் தடிப்பைச் சரிசெய்யத்தான்.

இரண்டாவது, நாம் ‘ஸ்டார்’ என்று சொல்லும் கூட்டல் குறித் தலை. அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸ் 1936இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அடிப்படை யோசனை ஜோன் தொம்ஸன் என்பவருடையது. ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் தன் கடிலாக் கார்களில் இதைப் பயன்படுத்திய பின் உலகமெங்கும் பரவியது. தொழிற்சாலைகளில் இயந்திரத்தால் திருகாணி முடுக்கும்போது ஒற்றை வெட்டில் நுனி பக்கவாட்டில் வழுக்கிவிடும். கூட்டல் குறியில் நுனி தானாகவே நடுவில் போய் அமர்ந்துகொள்ளும். அதுதான் அதன் சிறப்பு. அதற்கு ஒரு குறையும் உண்டு. பள்ளத்தின் சுவர்கள் சரிவானவை. பலமாகத் திருப்பத் திருப்ப அந்தச் சரிவு திருப்புளியை மேலே தள்ளும். ஆகவே ஸ்டார் தலையில் திருப்பும் அளவுக்கு அழுத்தவும் வேண்டும்.

ஸ்டார் திருப்புளியிலும் 0, 1, 2, 3 என இலக்கங்கள் இருக்கின்றன. கதவு, அலுமாரித் திருகாணிகளுக்குப் பெரும்பாலும் 2 பொருந்தும். பிளக், சுவிட்ச் போன்றவற்றின் சிறிய திருகாணிகளுக்கு 1. அதைவிட நுண்ணியவற்றுக்கு 0. சிறிய திருப்புளி பெரிய தலைக்குள்ளும் இலேசாகப் போய் நிற்கும். நின்றுவிட்டதே என்று ஏமாந்து திருப்பும்போதுதான் பள்ளம் வட்டமாகிப் போகிறது. ஒரே மாதிரித் தெரியும் தலைகளும் ஒன்றல்ல. ஜப்பானிய வாகனங்களிலும் மெஷின்களிலும் சில திருகாணிகளின் கூட்டல் குறிக்கு அருகே ஒரு சிறு புள்ளி இருக்கும். அது ஜப்பானின் சொந்த நியமம். அதில் பிலிப்ஸ் நுனி அடிவரை இறங்காது. கூட்டல் குறியின் கைகளுக்கு இடையில் நான்கு மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது பொசிட்ரைவ். அதற்கும் தனித் திருப்புளி உண்டு.

கனடாவின் ரொபர்ட்சன் 1908இல் சதுரப் பள்ளமுள்ள தலையை உருவாக்கினார். ஒற்றை வெட்டிலிருந்து திருப்புளி வழுக்கித் தன் கையைக் கிழித்ததுதான் அவரை யோசிக்க வைத்தது என்று சொல்லப்படுகிறது. 1967இல் வந்த ஆறுமுனை நட்சத்திரமான டோர்க்ஸின் சுவர்கள் செங்குத்தானவை. அதனால் திருப்புளியை மேலே தள்ளாது. நூறு வருடங்களுக்கு மேலாக இத்தனை பேர் இந்தச் சிறிய பள்ளத்தின் வடிவத்தைப் பற்றியே யோசித்திருக்கிறார்கள். நாமோ அதற்குள் கத்தரிக்கோலை நுழைக்கிறோம்.

அடுத்தது ஸ்பேனர். இங்கேதான் பாஸ் ஐயாவின் பையில் எங்கள் மலையகத்தின் வரலாறே இருந்தது. ஒரே மாதிரித் தெரிந்த ஸ்பேனர்கள் இரண்டு கட்டு. ஒன்றில் 10, 12, 13 என்று இருந்தது. மற்றதில் கால், முக்கால் என்று அங்குலப் பின்னங்கள் இருந்தன. முதலாவது மெட்ரிக். அதிலுள்ள எண், நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான தூரத்தை மில்லிமீற்றரில் சொல்கிறது. 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள போல்டின் தலைக்கு வழமையாக 10 ஸ்பேனர், 8 மில்லிமீற்றர் போல்டுக்கு 13, ஜப்பானிய வாகனங்களில் பெரும்பாலும் 12. இரண்டாவது விட்வர்த். இங்கிலாந்தின் ஜோசப் விட்வர்த் 1841இல் முன்வைத்த நியமம் அது. அதற்கு முன் ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி புரி வெட்டியது. விட்வர்த் ஸ்பேனரில் உள்ள எண் வாயின் அகலத்தைச் சொல்வதில்லை, போல்டின் விட்டத்தைச் சொல்கிறது.

பெல்பாஸ்ட்டிலிருந்து வந்த சிரோக்கோ உலர்த்திகளும், கெயின்ஸ்பரோவின் மார்ஷல் கம்பனி செய்த றோலர்களும் வெள்ளைக்காரர் காலத்தில் நம் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு வந்தபோது அங்குல அளவு நட்டுகளோடுதான் வந்தன. இப்படிப்பட்ட பழைய இயந்திரங்களைக் கண்டி ஹந்தானைத் தேயிலை நூதனசாலையில் இன்றும் பார்க்கலாம். கால் அங்குல விட்வர்த் ஸ்பேனரின் வாய் ஏறக்குறைய 13.3 மில்லிமீற்றர். அந்த நட்டில் 13 ஏறாது, 14 ஆடும். ஆடும் ஸ்பேனரைப் பலமாக இழுத்தால் நட்டின் ஆறு மூலைகளும் உருண்டுவிடும். “முக்கா மில்லிமீற்றர் பாப்பா. அதுக்காக ஒரு றோலர் ஒரு நாள் நிக்கும். கொழுந்து காத்துக்கிட்டு இருக்காது” என்றார் பாஸ் ஐயா. உம்மாவின் மெஷினுக்கு அருகில் உட்கார்ந்து அதைக் கேட்டபோது எனக்கு அது நன்றாகவே புரிந்தது.

ஸ்பேனரின் வாய் எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். திறந்த வாய் நட்டின் இரண்டு பக்கங்களை மட்டும் பிடிக்கிறது. வளைய ஸ்பேனர் சுற்றிவரப் பிடிக்கிறது. இறுகிக் கிடக்கும் நட்டுக்கு வளையமே நல்லது. வாயைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பேனர் என்றால், அசையாத தாடையின் மீது விசை விழும்படி இழுக்க வேண்டும். குறட்டால் நட்டைக் கழற்றக் கூடாது. குறட்டின் பற்கள் மூலைகளைத் தின்றுவிடும். இதற்கெல்லாம் உடல் பலம் வேண்டும் என்பவர்களுக்கு நம் பாடப்புத்தகமே பதில் சொல்கிறது. திருப்பம் என்பது விசையை, அது தாக்கும் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரத்தால் பெருக்கி வருவது. ஸ்பேனரை நடுவில் பிடிப்பதைவிட நுனியில் பிடித்தால் பாதி விசை போதும்.

எங்கள் ஊருக்கென்று இன்னொரு பாடமும் இருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பனியும் மழையும் ஈரமும் இரும்பைச் சும்மா விடுவதில்லை. துருப்பிடித்த இஸ்குருப்போடு சண்டை போடக் கூடாது. எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட வேண்டும். ஆனால் அது தேங்காயெண்ணெயாக இருக்கக் கூடாது. 24 பாகைக்குக் கீழே தேங்காயெண்ணெய் உறையும். இங்கே காலையில் போத்தலை வெயிலிலோ சுடுதண்ணீரிலோ வைத்துத்தான் தலைக்குத் தேய்க்கிறோம். போத்தலில் உறைவது மெஷினுக்குள்ளும் உறையும், பிசினாகவும் மாறும். தையல் மெஷினுக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெய்தான் அதற்கு உரியது. மின்சாரப் பொருள் எதுவானாலும் பிளக்கைக் கழற்றிய பிறகே திருப்புளியை எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இதையெல்லாம் தேடிப் படித்தபோது என்னை நிறுத்தி வைத்த இடம் ஒன்று உண்டு. தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததையும், போர்க்கவசம் செய்யும்போது அதன் வளையங்களை அளவாக இணைக்கும்படி கட்டளையிட்டதையும் அல்குர்ஆனின் ஸபஃ அத்தியாயம் கூறுகிறது. அந்த ‘அளவு’ என்ன என்பதை முஜாஹித் (ரஹ்) போன்ற விரிவுரையாளர்கள் விளக்கும்போது ஆணியைப் பற்றியே பேசுகிறார்கள். வளையத்துக்கு ஆணி மெல்லியதாகி ஆடவும் கூடாது, பருத்து இறுகவும் கூடாது என்பது அவர்கள் தரும் விளக்கம். ஒரு நபிக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட விடயம் அது. ஆணியின் அளவு பார்ப்பது சின்ன வேலை என்று அதன் பிறகு நான் நினைப்பதில்லை.

உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் அறிமுகமானது. நான் அதைத் தெரிவு செய்தபோது சொந்தக்காரர் பலரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “பொம்புளப் புள்ளக்கி ஏன் இந்த வேல?” அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. நம் வீடுகளில் தையல் மெஷின், கிரைண்டர், மின்னழுத்தி, கேத்தல் எல்லாவற்றோடும் நாள் முழுவதும் பழகுகிறவர்கள் பெண்கள். அவற்றை நம்பி உழைக்கிறவர்களும் அவர்களில் பலர். ஓர் இஸ்குருப்பு இறுகிக்கொண்டால் மட்டும் ஆண் ஒருவர் வரும்வரை ஏன் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும்? அந்த நோன்பில் பாஸ் ஐயா இருந்தார், வந்தார். எல்லா வீட்டுக்கும் எல்லா நாளும் அப்படி ஒருவர் வாய்ப்பதில்லை. வேலை ஆண்களுக்கோ பெண்களுக்கோ என்று இஸ்குருப்பின் தலையில் எழுதியிருக்கவில்லை. எந்த ஆயுதம் வேண்டும் என்பது மட்டும்தான் அதில் எழுதியிருக்கிறது. வாசிக்கத் தெரிந்தால் போதும்.

உம்மா இப்போது வெள்ளிக்கிழமை தோறும் ஊசித்தட்டைத் தானே கழற்றித் துடைக்கிறார். எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அகலமும் ஒடுக்கமுமாகத் தட்டைத் திருப்புளி இரண்டு, 1ஆம் 2ஆம் இலக்க ஸ்டார் இரண்டு, 8 முதல் 13 வரை ஸ்பேனர்கள், ஒரு குறடு, ஒரு சிறு அரம், ஒரு போத்தல் மெஷின் எண்ணெய். அவ்வளவுதான். இதை வாசிக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மகளுக்குத் தையல் மெஷின் வாங்கிக் கொடுக்கும்போது இப்படி ஒரு டின்னையும் சேர்த்துக் கொடுங்கள். பாவிக்கவும் கற்றுக்கொடுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் அவளையே கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள், பிறகு அவள் உங்களுக்குக் கற்றுத் தருவாள், இன்ஷா அல்லாஹ்.