பந்தியும் பலிபீடமும்: சிசிலித் தீவுக்கு ஒரு குடும்பப் பயணம்

ஊர் சுற்றிப் பார்க்கவும், அவ்வூர்ப் பண்டங்களைச் சுவைக்கவும் விரும்புவது மனித இயல்பு. அதில் குற்றமொன்றும் இல்லை. கானாவூர்த் திருமணத்தில் ஆண்டவரே பந்தியில் அமர்ந்தார். ஆயினும், பல ஆண்டுச் சேமிப்பைச் செலவிட்டுக் கடல் கடந்து செல்லும் குடும்பம், எதைக் கொண்டு வீடு திரும்பும் என்பதைப் பயணச்சீட்டு வாங்குமுன்பே சிந்திக்க வேண்டும்.

பிள்ளைகள் வெளிநாடுகளில் பணிபுரியத் தொடங்கியபின், நம் பங்குக் குடும்பங்களில் ரோமாபுரிப் பயணம் பற்றிய பேச்சு அடிக்கடி எழுகிறது. அத்தகைய குடும்பங்கள், இத்தாலியின் தென்கோடியில் கிடக்கும் சிசிலித் தீவையும் தம் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் விண்ணப்பம். அத்தீவில் உண்ணும் உணவுக்கும் செய்யும் செபத்திற்கும் நெருங்கிய உறவு உண்டு. அதற்கும் மேலாக, நம் தமிழ் மக்கள் அங்கே ஒரு மலைமீது ஏறி மன்றாடுகின்றனர்.

பலர் ஆண்ட தீவு

சிசிலியின் பரப்பு ஏறக்குறைய 25,700 சதுர கிலோமீட்டர். நம் தமிழகத்தில் ஐந்தில் ஒரு பங்கு. கிரேக்கர், உரோமையர், பைசாந்தியர், அரபியர், நார்மானியர், ஸ்பானியர் என்று பலர் அதனை ஆண்டனர். வந்தவர் ஒவ்வொருவரும் ஒரு கட்டடத்தையும் ஒரு சமையலையும் விட்டுச் சென்றனர். எலுமிச்சையும் கரும்பும் அரபியர் காலத்தில் அங்கே வேரூன்றியவை.

திருச்சபைக்கோ அது தொன்மையான மண். மால்டாவிலிருந்து ரோமைக்குக் கைதியாகச் சென்ற புனித சின்னப்பர், சிரக்கூசா நகரில் மூன்று நாள் தங்கினார் என்று திருத்தூதர் பணிகள் 28ஆம் அதிகாரம் கூறுகிறது. நம் பங்குகளில் ஆகத்தா, லூசியா என்று பெயரிடப்பட்ட பெண்கள் பலர் உள்ளனர். முதல் நற்கருணை மன்றாட்டிலும் ஒலிக்கும் அவ்விரு பெயர்களும் சிசிலியின் மறைசாட்சிகளுடையவை. ஆகத்தா கத்தானியா நகரின் மகள். லூசியா சிரக்கூசாவின் மகள்.

எப்போது செல்வது?

சிசிலியின் கோடை கொடியது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் சிரக்கூசாவுக்கு அருகே 48.8 பாகை வெப்பம் பதிவாயிற்று. வேலூர் வெயிலில் வளர்ந்தவர்க்கும் அது மிகுதியே. எனினும், ஆகஸ்டு இறுதியும் செப்டம்பர்த் தொடக்கமும் ஒரு தனிச் சிறப்பு உடையவை. ஆகஸ்டு 29இல் வேளாங்கண்ணியில் கொடியேறும் அதே நாளில், சிரக்கூசாவிலும் ஒரு மரியன்னை விழா தொடங்குகிறது. செப்டம்பர் 3ஆம் நாள் இரவு பலெர்மோ மக்கள் மலையேறுகின்றனர். வெயிலுக்கு அஞ்சாதோர் இவ்விரு விழாக்களுக்கும் இடையே பயணத்தை அமைத்துக்கொள்ளலாம்; காலையிலும் மாலையிலும் மட்டும் வெளியே செல்வது நலம். வெயில் ஒவ்வாத முதியோர் உடன் வருவார்களாயின், சூசையப்பர் திருநாளாகிய மார்ச் 19ஐ ஒட்டிச் செல்லலாம்.

சிரக்கூசா: கண்ணீரின் அன்னை

கத்தானியா விமான நிலையத்தில் இறங்கினால், புகையும் எத்னா எரிமலை வரவேற்கும். அங்கிருந்து தெற்கே தொடர்வண்டியில் சிரக்கூசாவை அடையலாம். பழைய நகரம் ஓர்த்தீஜியா என்ற சிறு தீவில் உள்ளது. அதன் பேராலயத்தைக் காணாது வரலாகாது. கிறிஸ்துவுக்கு முன் 5ஆம் நூற்றாண்டில் அதேனா தேவிக்குக் கிரேக்கர் எழுப்பிய கோவிலின் பருத்த தூண்கள், இன்றும் அப்பேராலயச் சுவர்களுக்குள் நிற்கின்றன. பழையதை இடித்தெறியாமல், தூண்களின் இடைவெளியைச் சுவரால் அடைத்துத் தொழுமிடமாக்கிக்கொண்டனர்.

1953ஆம் ஆண்டு ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 1 வரை, இந்நகரில் ஓர் ஏழைத் தொழிலாளியின் வீட்டில், சாந்தினாலான மரியன்னையின் மாசற்ற இருதய உருவம் கண்ணீர் வடித்தது. அவ்வாண்டு டிசம்பரில் சிசிலி ஆயர்கள் அந்நிகழ்ச்சியை ஏற்றறிவித்தனர். அவ்வன்னைக்கு எழுப்பிய திருத்தலத்தை, 1994ஆம் ஆண்டு நவம்பரில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் நேர்ந்தளித்தார்.

உணவுக்கு வருவோம். டிசம்பர் 13 புனித லூசியா திருநாள். 1646ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் மக்கள் வாடியபோது, அப்புனிதையின் திருநாளன்று தானியக் கப்பல் ஒன்று துறைமுகம் வந்தது என்பது மரபுரை. பசி மிகுதியால் மாவாக அரைக்கவும் பொறுமையின்றி, கோதுமையை முழுதாகவே அவித்து உண்டனராம். அதன் நினைவாக இன்றும் அந்நாளில் ‘குச்சீயா’ என்ற கோதுமைப் பண்டம் செய்கின்றனர். ஊறவைத்த கோதுமையைக் குழைய அவித்து, ஆட்டுப்பால் திரட்டும் சர்க்கரையும் சேர்ப்பர். பலெர்மோவில் அன்று ரொட்டியையும் பாஸ்தாவையும் தொடுவதில்லை. அரிசி உருண்டையை உண்பர். பஞ்சத்தை மறவாமை அங்கே சமையலறையில் நடைபெறுகிறது.

அக்ரிஜெந்தோ வழியாக

பேருந்தில் மேற்கே சென்றால் அக்ரிஜெந்தோ. மலைமுகட்டில் கிரேக்கக் கோவில்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் கொங்கோர்தியா என்பது ஏறத்தாழ முழுமையாகத் தப்பியது. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது கிறிஸ்தவ ஆலயமாக மாற்றப்பட்டதே காரணம். இக்கோவில்களின் அடிவாரத்தில்தான் 1993ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், மனம் திரும்புமாறு மாஃபியாக் கொலைஞரை அருள் சின்னப்பர் உரத்த குரலில் எச்சரித்தார்.

பலெர்மோ: கண்ணுக்கும் நாவுக்கும்

தலைநகர் பலெர்மோவில் மூன்று நாளேனும் தங்க வேண்டும். அரச மாளிகையின் சிற்றாலயம் இரண்டாம் ரோஜர் மன்னன் கட்டியது. அதன் சுவரில் கிரேக்கரின் பொன்மணிப் பதிப்போவியங்கள். மேலே அரபுத் தச்சரின் மர விதானம். கீழே இலத்தீன் வழிபாடு. நகருக்கு அருகே மொன்றியாலே பேராலயத்தில், 6,000 சதுர மீட்டருக்கும் மேலாகப் பரந்த பதிப்போவியங்கள், உலகப் படைப்பு முதல் திருத்தூதர் வரை மறைநூலை விரித்துக் காட்டுகின்றன. எழுத்தறியாதவரும் படிக்கத்தக்க வேதாகமம் அது. குழந்தைகளைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள்.

பல்லாரோ, காப்போ என்னும் சந்தைகளில் நடந்தால் வயிறு தானே நிரம்பும். கடலை மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து, துண்டு போட்டுப் பொரித்த ‘பனெல்லே’ நம் பஜ்ஜிக்கு உறவு. குங்குமப்பூச் சோற்றை உருட்டி, உள்ளே கறியோ பட்டாணியோ வைத்துப் பொரிப்பது ‘அரஞ்சினா’. கத்தரிக்காயைப் புளிப்பும் இனிப்புமாக வதக்கிய ‘கப்பொனாத்தா’வை நம் வீட்டுப் பாட்டிமாரும் மறுக்கமாட்டார்கள். மத்தி மீனும் சோம்புக்கீரையும் உலர்திராட்சையும் சேர்ந்த பாஸ்தா வெள்ளிக்கிழமைக்கு உகந்தது. தீவின் மேற்கே திராப்பானியில், ரவையை உருட்டி ஆவியில் வேகவைத்து மீன்குழம்புடன் தரும் ‘குஸ்குஸ்’ புட்டை நினைவூட்டும். வாதுமை மாவில் கனிகளைப் போலவே செய்யப்படும் இனிப்பு, மர்த்தொரானா என்ற கன்னியர் மடத்தின் பெயரையே தாங்குகிறது.

பேராலயத்தில் இரு இடங்களில் முழந்தாளிடுங்கள். ஒன்று, புனித ரோசாலியாவின் திருப்பண்டங்கள் உள்ள வெள்ளிப் பேழை. மற்றொன்று, அருளாளர் பினோ புல்யீசி அடிகளின் கல்லறை. ஏழைப் பகுதியொன்றின் பங்குத்தந்தையான அவர், சிறுவர்களை மாஃபியாவின் பிடியினின்று விலக்கியதற்காக, 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், தம் 56ஆம் பிறந்தநாளன்று, வீட்டு வாயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2013இல் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

மலைமேல் நம்மவர்

நகரின் வடபால் ஏறக்குறைய 600 மீட்டர் உயர்ந்து நிற்பது மொந்தே பெல்லெக்ரீனோ. யாத்திரிகர் மலை என்று பொருள் கொள்ளலாம். 12ஆம் நூற்றாண்டில் உயர்குடிப் பெண்ணான ரோசாலியா, உலகைத் துறந்து இம்மலைக் குகையில் தவம் புரிந்து மறைந்தாள். 1624ஆம் ஆண்டு கொள்ளைநோய் நகரை வாட்டியபோது, ஜூலை 15ஆம் நாள் அவளுடைய எலும்புகள் குகையில் கண்டெடுக்கப்பட்டன. மறு ஆண்டு அவற்றைப் பவனியாக எடுத்துச் சென்றபின் நோய் தணிந்தது என்று நகரத்தார் நம்பினர். அன்று முதல் அவளே நகரின் காவலி. குகை இன்று ஆலயமாக விளங்குகிறது. பாறையில் கசியும் நீரைத் தகட்டுக் குழாய்கள் ஏந்திச் செல்கின்றன. நம் லூர்து கெபிகளின் முன் செபித்துப் பழகியவர்க்கு அவ்விடம் அந்நியமாகத் தோன்றாது.

1980களில் தொடங்கி, இலங்கையின் இனப்போருக்குத் தப்பிய தமிழர் பலர் பலெர்மோவில் குடியேறினர். பெரும்பாலோர் அந்நகரத்து வீடுகளில் பணியாளராக உழைத்துப் பிள்ளைகளை வளர்த்தனர். மொழி தெரியாத நகரில் அவர்கள் முதலில் உறவு கொண்டாடியது இம்மலையோடும் இப்புனிதையோடும். கத்தோலிக்கரும் இந்துக்களுமாக ஞாயிறுதோறும் ஏறினர். பலர் செருப்பணியாமல் ஏறினர். பலெர்மோ மக்களே தம் புனிதையைச் சற்று மறந்திருந்த காலத்தில், தமிழர் அப்பாதையை வெறுமையாக விடவில்லை.

வேங்கிக்காலில் வாழும் நமக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. பௌர்ணமிதோறும் அண்ணாமலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கும் வெறுங்கால்களைக் காண்கிறோம். அம்மலைச் சரிவிலும் தவசிகள் வாழ்ந்த குகைகள் உண்டு. காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்தோரும் நம் வீடுகளில் உள்ளனர். துன்பம் வந்தால் மலையை நோக்கி நடப்பது தமிழனின் கால்களில் ஊறிய வழக்கம். அவ்வழக்கம் கடல் கடந்தும் அவனைக் காத்தது.

ஆகவே, செப்டம்பர் 3ஆம் நாள் இரவு கல் பாவிய பழைய பாதையில் அவர்களோடு ஏறுங்கள். முதியோர்க்குப் பகலில் பேருந்து உண்டு. வேடிக்கை பார்ப்போராகவும், படம் பிடிப்போராகவும் நிற்க வேண்டாம். அவர்களுள் சிலர் போரில் இழந்தவரை நினைத்து ஏறுவோர். ‘ஐயா, எந்த ஊர்?’, ‘அக்கா, நலமா?’ என்ற தமிழ்ச் சொல் ஒன்றே போதும். மீதியை அவர்களே சொல்வார்கள், விரும்பினால்.

சில நடைமுறைக் குறிப்புகள்

சென்னையிலிருந்து நேரே செல்லும் விமானம் இல்லை. வழியில் மாற வேண்டும். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்திற்கு ஆறு மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறையாமல் விண்ணப்பிக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். ரோமையிலிருந்து செல்வோர் தொடர்வண்டியில் போனால், மெசீனா நீரிணையில் வண்டியையே கப்பலில் ஏற்றும் அதிசயத்தைப் பிள்ளைகள் காண்பார்கள். உணவகத்தில் அமர்ந்தால், தலைக்கு இவ்வளவு என்று மேசைக் கட்டணம் சேரலாம். நின்றுகொண்டே காப்பி அருந்துவது சிக்கனம். நண்பகலில் பல ஆலயங்கள் மூடியிருக்கும். தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள்.

கடன் வாங்கிச் செல்லத்தக்க பயணம் அன்று இது. செல்ல இயலாதோரும் அத்தீவின் நன்மையை வீட்டிலேயே பெறலாம். சூசையப்பர் திருநாளில் சிசிலியர் பலவகை உணவு பரப்பி, ஏழை முதியவர் ஒருவர், பெண் ஒருத்தி, சிறுவன் ஒருவன் ஆகிய மூவரைத் திருக்குடும்பமாகக் கருதி அமர்த்தி, அவர்கள் உண்டபின்னரே தாம் உண்பர். மார்ச் 19 அன்று நம் அன்பியத்தில் இவ்வாறு ஒரு பந்தி வைக்கலாம். டிசம்பர் 13 அன்று ஒரு படி கோதுமையை அவித்து, பஞ்சத்தின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பலாம்.