தாய்மார்களைக் கேட்ட டாக்டர்

1950-களின் நடுப்பகுதி. பிரிட்டனில் ரத்தப் புற்றுநோயில் இறக்கும் குழந்தைகள் கூடிக்கொண்டே போனார்கள். அதிலும் இரண்டு வயதிலிருந்து நான்கு வயதுக்குள் நிறைய. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற டாக்டருக்கு ஒரு யோசனை: டாக்டர்களுக்குத் தெரியாதது பெற்றவளுக்குத் தெரிந்திருக்கலாம், அவளைக் கேட்டால் என்ன? கிடைத்த மானியம் வெறும் ஆயிரம் பவுண்டு. கொடுத்தது லேடி டாட்டா நினைவு அறக்கட்டளை. 1931-இல் ரத்தப் புற்றுநோயில் இறந்த மெஹர்பாய் டாட்டாவின் நினைவாக அவர் கணவர் தோராப்ஜி வைத்த பணம் அது.

*

ஊர் ஊராக இருந்த சுகாதார அதிகாரிகள் மூலம் கேள்வித்தாள் போனது. குழந்தையை இழந்த தாயிடமும், அதே வயதில் நல்லபடியாக இருக்கும் குழந்தையின் தாயிடமும் அதே கேள்விகள். அதில் ஒன்று, வயிற்றில் பிள்ளை இருந்தபோது எக்ஸ்ரே எடுத்தார்களா என்பது. ஆம் என்ற பதில், இறந்த குழந்தைகளின் பக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. 1956-இல் லான்செட் மருத்துவ இதழில் சுருக்கமாக எழுதினார். 1958-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முழுதாக.

*

அன்றைய காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். செருப்புக் கடையிலேயே எக்ஸ்ரே பெட்டி இருக்கும். புது ஷூவோடு பிள்ளைகள் காலை உள்ளே விட்டு, தங்கள் விரல் எலும்பு அசைவதைக் குனிந்து பார்ப்பார்கள். பிள்ளை எப்படித் திரும்பியிருக்கிறது, இடுப்பெலும்பு விரிவு போதுமா என்று பார்க்கக் கர்ப்பிணிகளுக்குப் படம் எடுப்பதும் சாதாரணம்.

*

ஸ்டூவர்ட் சொன்னதை ஏற்றுக்கொண்டால் ஒரு மகப்பேறு மருத்துவர் அடுத்து என்ன கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்? 'நான் எழுதிக் கொடுத்த படம்தானா அந்தப் பிள்ளையின் உயிரை எடுத்தது?' இந்தக் கேள்வியோடு யாரால் மறுநாள் ஓ.பி.யில் உட்கார முடியும்? தெரிந்துகொள்ள மறுப்பதை முட்டாள்தனம் என்று தள்ளிவிடுகிறோம். நன்றாகப் படித்தவர்கள், நல்லது செய்வதாக மனதார நம்பியவர்கள்தான் அதிகம் மறுக்கிறார்கள். இழப்பதற்கு அவர்களிடம்தான் நிறைய இருக்கிறது.

*

ஆனால் எதிர்த்தவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டவர்கள் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கர்ப்ப காலத்தின் ஒவ்வொரு நாளையும் தோண்டித் துருவி நினைவுபடுத்திப் பார்ப்பாள், மற்றவள் மறந்திருப்பாள், அதனால்தான் இந்த வித்தியாசம் என்றார்கள். நியாயமான கேள்வி. புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய ரிச்சர்ட் டால், 1960-இல் கோர்ட் பிரவுனோடும் பிராட்ஃபோர்ட் ஹில்லோடும் சேர்ந்து, எக்ஸ்ரே எடுத்த தாய்மார்களுக்குப் பிறந்த சுமார் 39,000 குழந்தைகளைப் பார்த்தார். ரத்தப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

1962-இல் ஹார்வர்டின் பிரையன் மக்மஹோன் தாய்மார்களின் நினைவை நம்பவே இல்லை. ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை எடுத்தார், ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட பிறப்புகள். எக்ஸ்ரே பட்ட குழந்தைகளிடம் புற்றுநோய் மரணம் சுமார் 40 சதவீதம் அதிகம். நினைவுப் பிழை என்ற கேள்விக்கு அதோடு பதில் வந்துவிட்டது. ஆனாலும் படம் எடுப்பது 1970-கள் வரை நீடித்தது.

எந்தச் சான்று வந்தால் உங்கள் சந்தேகம் தீரும் என்று கேட்டால், சந்தேகப்படுகிறவரிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். அந்தச் சான்று வந்தபின் கேள்வியை மட்டும் மாற்றிக்கொண்டால் அதைச் சந்தேகம் என்று நான் சொல்ல மாட்டேன்.

*

கடைசியில் எக்ஸ்ரேயைப் பெருமளவு ஓரங்கட்டியது அல்ட்ராசவுண்ட். கிளாஸ்கோவில் இயன் டொனால்டு 1958-இலேயே அதைப் பற்றி எழுதிவிட்டார். தவறை ஒப்புக்கொள்ளாமலே விட்டுவிட ஒரு வசதி கிடைத்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

*

ஸ்டூவர்ட்டோடு வேலை செய்த புள்ளியியலாளர் ஜார்ஜ் நீல். ஸ்டூவர்ட் சொல்வது தப்பு என்று நிரூபிக்க முயல்வதே தன் வேலை என்று நீல் எடுத்துக்கொண்டார். கணக்கை வேறு வேறு விதமாக வெட்டிப் பார்ப்பார், எங்காவது உடைகிறதா என்று. ஸ்டூவர்ட்டுக்கு அத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்கும் தைரியம் வந்தது பிடிவாதத்தால் மட்டும் அல்ல. வெளியில் வரப்போகும் அடியை வீட்டுக்குள்ளேயே முதலில் வாங்கியிருந்தார்.

*

1997-இல் டாலும் ரிச்சர்ட் வேக்ஃபோர்டும் எல்லா ஆய்வுகளையும் சேர்த்து அலசி, கருவில் படும் குறைந்த அளவு கதிர்வீச்சும் குழந்தைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுகிறது என்று எழுதினார்கள். தாமதம்தான். ஆனால் டால் வந்து சேர்ந்ததை நான் மதிக்கிறேன்.

*

இன்று நம் ஊர் எக்ஸ்ரே அறை வாசலில் 'கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கவும்' என்று பலகை இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, கர்ப்பம் என்று தெரியாமல் ஒரு படம் எடுத்துவிட்டேனே என்று அழும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே கணக்கை முழுதாகச் சொல்ல வேண்டும். குழந்தைப் புற்றுநோய் மிக அரிது. அரிதானது இரண்டு மடங்கானாலும் அரிதுதான். கைக்கோ நெஞ்சுக்கோ எடுத்த படத்தில் கருவைத் தொடும் கதிர் மிக மிகக் குறைவு. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று கருவைக் கலைக்க ஓடாதீர்கள். எந்த இடத்தில், எத்தனை படம், எத்தனையாவது வாரம் என்று எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.