பழைய காரும் நெடுவழியும்

இருவர் மாத்திரம் அமரத்தக்கதும் 1956 ஆம் ஆண்டிற் செய்யப்பட்டதுமாகிய ஸ்போட்ஸ் கார் ஒன்றில் யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியா வரை போய்த் திரும்புதல் கூடுமோ என்று எம்மை வினவுவோர் பலர். ஆசிரியர் ஓய்வறையில் இப்பேச்சு எழுந்தால் ஒருவர் நகைப்பார். இன்னொருவர் விலையைக் கேட்பார். சென்ற ஆண்டு கொழும்பிலிருந்து கடிதம் எழுதிய அன்பர் ஒருவர் வேறு வகையாகக் கேட்டார். அது காட்சிக்குரிய பொருள். வீதியில் ஓட்டித் தேய்த்துவிடாமல் தமக்கு விற்றுவிட வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் குறித்த தொகையோ ஒரு தமிழாசிரியன் எளிதில் மறுக்கத்தக்கதன்று. ஆதலின், இவ்வண்டி ஓட்டத்துக்குரியதா, காட்சிக்குரியதா என்பதை ஆராய வேண்டியவரானோம். மலர்க் குழுவினர் ஏதேனும் எழுதுமாறு பணித்தமையால் அவ்வாராய்ச்சியையே இங்குத் தருகின்றோம். இலக்கியக் கட்டுரையை எதிர்பார்த்த மாணவர் பொறுத்துக்கொள்வாராக.

வண்டியின் பெயர் எம்.ஜி.ஏ. இங்கிலாந்திலுள்ள அபிங்டனில் 1955 முதல் 1962 வரை ஓர் இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட தொகையிற் செய்யப்பட்டது. அவற்றுட் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போயிற்று. சில இலங்கைக்கும் வந்தன. இக்கல்லூரியின் பழைய மாணவரும் நீர்ப்பாசனத் திணைக்களத்திற் பணியாற்றியவருமாகிய எமது பெரியதந்தையார், தாயகம் திரும்பிய தேயிலைத் தோட்டத் துரை ஒருவரிடம் 1961 இல் இதனை வாங்கினார். இலக்கத்தகட்டில் ‘ஸ்ரீ’ ஏறுமுன்னர்ப் பதிவானதாதலின் இதன் நெற்றியில் இரண்டு ஆங்கில எழுத்துக்களே உள. இதன் உயரக் குறைவைக் கண்ட ஊரவர் ‘படுத்த கார்’ என்று பெயரிட்டனர். அப்பெயர் இன்றும் வழங்குகின்றது.

எஞ்சின் 1489 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு உடையது. கார்புறேற்றர் இரண்டு; கியர் நாலு. நாலு சக்கரத்துக்கும் டிறம் பிறேக்கு. கதவுக்கு வெளிப்புறக் கைபிடி இல்லை. உள்ளே கைவிட்டுக் கயிற்றை இழுத்தே திறத்தல் வேண்டும். காலின் கீழே இருக்கும் தட்டு இரும்பன்று, மரப்பலகை. இதனை நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டப்படும்.

இவ்வெஞ்சினுக்கு ஒரு குலவரலாறு உண்டு. எமது வழக்குக்கு அதுவே முதன்மையான சாட்சி. பி-வரிசை எனப்படும் இக்குலம் 1947 இல் ஒஸ்ரின் ஏ-40 வண்டியில் 1200 கன சென்ரிமீற்றரளவிற் தொடங்கியது. பின்னர் 1489 ஆக வளர்ந்து மொறிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஆகிய குடும்ப வண்டிகளில் அமர்ந்தது. இந்தியாவில் அம்பாசடர் வண்டியும் 1959 முதல் நெடுங்காலம் இவ்வெஞ்சினையே தாங்கிற்று. யாழ்ப்பாணத்துச் சந்திகளில் வாடகைக்கு நின்ற ஏ-40, ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் கார்களை அறியாத பழைய மாணவர் இரார். கலியாணமாயினும் காடாத்தாயினும் ஏறிச் சென்றது அவற்றிலேதான். எம் வண்டியின் மூடியை முதன்முதல் திறந்து பார்த்த மெக்கானிக் பெரியவர் ஒரு கணமேனும் தயங்கினாரல்லர். “இது ஒக்ஸ்போட்டின்ரை தம்பிதான் மாஸ்ரர், சட்டைதான் வேறை” என்றார். உவமை அணிக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எமது பாடநூலில் இல்லை.

தம்பியானாலும் குணத்தில் ஒரு வேற்றுமை உண்டு. 1990 இல் வடக்குக்குப் பெற்றோல் தடைப்பட்டபின் யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய வரலாற்றை இளையோர் பலர் கட்டுக்கதை என்று எண்ணுகின்றனர். அது கதையன்று. சிறு போத்தலிற் காத்து வைத்த பெற்றோலைக் கார்புறேற்றரிற் சில துளி பீய்ச்சி எஞ்சினை உயிர்ப்பிப்பர். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயை விடுவர். அழுத்த விகிதம் குறைந்த எஞ்சினே இதற்கு இணங்கும். ஏ-40 இன் விகிதம் ஏறத்தாழ 7, எம்.ஜி.ஏ.யின் விகிதம் 8.3. ஆகவே, விரைவுக்காக எஞ்சினில் ஏற்றிய அழுத்தமே அக்காலத்தில் எமது வண்டியைக் கொட்டிலிற் கட்டிப்போட்டது. அண்ணன்மார் கரும்புகை கக்கிக்கொண்டு நோயாளரையும் மகப்பேற்றுக்குரியாரையும் ஏற்றிச் சென்ற ஆண்டுகளில், தம்பியார் கிடுகுக் கொட்டிலிற் சாக்குப் போர்த்துத் துயின்றார். பெரியதந்தையார் அப்போது உயிரோடில்லை.

1995 ஐப்பசியில் வலிகாமமே பெயர்ந்தபோது யாமும் தென்மராட்சி சேர்ந்தோம். அடுத்த ஆண்டு மீண்டு வந்து பார்த்தபோது கொட்டிலின் கூரை வண்டியின்மேல் விழுந்து கிடந்தது. ரயர், பற்றறி, இருக்கை ஒன்றும் இல்லை. மரத்தட்டைக் கறையான் முற்றும் உண்டுவிட்டது. இருக்கை இருந்த இடத்தில் மண்புற்று எழுந்திருந்தது. அடிச்சட்டம் மாத்திரம் உறுதியாய் நின்றது. தடித்த உருக்குப் பெட்டிச் சட்டமாதலின் மேலுடல் துருப்பிடித்த அளவுக்கு அது துருப்பிடிக்கவில்லை. எமது தந்தையார் இரும்புக்கு விற்க மறுத்தார். அதற்கு அவர் காரணம் சொன்னதில்லை, யாமும் கேட்டதில்லை.

திருத்தம் 2010 இற் தொடங்கி ஆறு ஆண்டு நடந்தது. அதனை விரிப்பின் மலரின் பக்கம் போதாது. ஒன்று மட்டும் சொல்வோம். எஞ்சினுக்கு வேண்டிய கஸ்கெற், வால்வு முதலியவற்றுட் பல சென்னையிலிருந்து அம்பாசடர் காரின் உறுப்புக்களாகவே வந்தன. சிதம்பர தரிசனம் முடித்துத் திரும்பிய உறவினர் ஒருவர் திருநீற்றுப் பொட்டலத்தோடு கஸ்கெற்றையும் கொணர்ந்து தந்தார். இக்காலப் பெற்றோலில் ஈயம் இல்லையாதலின் வால்விருக்கைகளைக் கடின உருக்கில் மாற்றியமைத்தோம். மரத்தட்டுக்கு இம்முறை வேம்பு.

இனி நெடும்பயணத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரை ஏ-9 வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். 1990 இல் அடைபட்டு, 2002 இல் திறந்து, 2006 இல் மறுபடி அடைபட்டு, 2009 இல் போர் முடிந்தபின்னரே நிலையாகத் திறந்த வீதி இது. 2022 இலோ வீதி திறந்திருந்தது, பெற்றோல் இல்லை. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று பங்கிட்டனர். எமது வண்டி கலனுக்கு 28 மைல் ஓடும். 20 லீற்றரில் 123 மைல். கண்டிக்கு 200 மைல். கணித ஆசிரியரிடம் போகாமலே விடை தெரிந்தது. எனவே எமது பயணம் 2024 ஆம் ஆண்டு விடுமுறை ஒன்றில் வாய்த்தது.

மெக்கானிக் பெரியவர் பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். எமது இல்லத்தரசியாரும் மக்கள் இருவரும் பெட்டிகளுடன் பேருந்தில் ஏறினர். ஸ்போட்ஸ் காரின் முதற் குறைபாடு இங்கேயே வெளிப்பட்டது. பெட்டியறையின் பெரும்பகுதியை உதிரிச் சக்கரம் கொள்கின்றது. எஞ்சிய இடத்தில் ஒரு கைப்பையும் கருவிப் பையும் அடங்கும். அக்கருவிப் பையில் விசிறிப் பட்டி, தீப்பொறிச் செருகிகள், கண்டென்சர், தொடுமுனை, ரியூப் இரண்டு, கம்பி, கயிறு, எமறித் தாள் என்பன இருந்தன. இருக்கைகளுக்குப் பின்னால் இரு போத்தல் நீர்.

காலை நாலு மணிக்குப் புறப்பட்டோம். ஆனையிறவை இருளிற் கடந்தோம். உப்புக் காற்று முகத்தில் அறைந்தது. மாங்குளத்தின் அருகே பொழுது புலர்ந்தது. சட்டம் அனுமதிக்கும் விரைவு 70 கிலோமீற்றர். நாலாங் கியரில் எஞ்சின் 1000 சுற்றுக்கு ஏறத்தாழ 17 மைல் செல்வதாதலின், அவ்விரைவில் அது 2500 சுற்றுக்கு மேல் அதிகம் ஓடவேண்டியதில்லை. மணிக்கு 95 மைல் செல்லக்கூடிய வண்டிக்கு இது நடை. வன்னியின் நேர்வீதியிலே இவ்வண்டியின் குணத்தை ஒருவரும் குறைசொல்ல இயலாது. சில்லின் கீழே பரல் ஒன்று கிடந்தாலும் கையிற் தெரிகின்றது. கூரை இல்லையாதலின் பாலைமர வாசனையும், எரித்த வைக்கோலின் மணமும், சுடச்சுட இறக்கிய பாணின் மணமும் வரிசையாக வந்தன. வவுனியாவில் ஏழு மணிக்குத் தேநீர் அருந்தினோம்.

மதவாச்சி கழிந்து வெயில் ஏறியதும் கதை மாறிற்று. எஞ்சினின் வெப்பம் வேம்புத் தட்டின் வழியே கால்வரை வந்தது. பெருவண்டிகளின் புகைக்குழாய் சரியாக எமது முகத்தின் மட்டத்தில் இருந்தது. தம்புள்ளையில் வெப்பமானியின் முள் 200 பாகை பரனைற்றைத் தொட்டது. 212 இல் நீர் கொதிக்கும். பெரியவர் நிறுத்தச் சொன்னார். மர நிழலில் மூன்று மணிநேரம் கிடந்தோம். பேருந்தில் வந்தோர் அப்போது எம்மைக் கடந்து சென்றனர், மகள் கையசைத்தாள். மாத்தளைக்கும் கண்டிக்கும் இடையிலுள்ள பலகடுவை ஏற்றத்தை மாலையிற் கடந்து கண்டியை அடைந்தோம். ஆகவே முதல் முடிபு இது: இவ்வண்டியை வெப்ப நாட்டிற் காலை பத்து மணிவரையும் மாலை மூன்று மணிக்குப் பின்னருமே ஓட்டுதல் தகும். ஒரு நாளிற் கொழும்பு போய்த் திரும்ப எண்ணுவோர் வேறு வண்டி தேடுக. மழைக்கும் இது உகந்ததன்று; துணிக்கூரையையும் பக்கத் திரைகளையும் பொருத்தி முடிப்பதற்குள் மழை விட்டுவிடும். கதவிற் பூட்டு இல்லையாதலின் இரவில் வெளியில் நிறுத்தவும் இயலாது. கண்டியில் யாம் தங்கிய வீட்டுக்காரர் தமது காரை வீதியில் விட்டு எம் வண்டிக்குக் கராச்சைத் தந்தார்.

மறுநாள் கம்பளை, புசல்லாவை வழியாக றம்பொடை ஏற்றம். மலைவீதிக்கும் இத்தகைய வண்டிக்கும் பழைய உறவு உண்டு. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டம் 1934 இற் தொடங்கியது. துரைமார் தம் சிறு கார்களுடன் அங்கே கூடுவர். கொண்டையூசி வளைவுகளில் இரண்டாங் கியரில் ஏறும்போது இரு கார்புறேற்றரும் ஒரே குரலிற் பாடுவதைக் கேட்டோம். குளிர்ந்த காற்றில் முள் 180 இல் நின்றது. பள்ளத்தில் இறங்குங்கால் ஏறிய கியரிலேயே இறங்குதல் வேண்டும். டிறம் பிறேக்கை இடைவிடாது மிதித்தால் சூடேறிப் பிடி தளரும். இவ்விதியை ஓட்டுநர் கைக்கொள்ளின் மலைநாடு இவ்வண்டிக்குத் தாய்வீடு. இது எமது இரண்டாம் முடிபு.

றம்பொடை நீர்வீழ்ச்சிக்குக் கீழே, ஒரு வளைவில், பெரியவர் தலையைத் திருப்பினார். “மாஸ்ரர், பம்பியின்ரை சத்தம் நிண்டுபோச்சு” என்றார். யாம் ஒன்றும் கேட்டோமல்லேம். பெற்றோலைப் பின்னிருந்து முன்னுக்குத் தள்ளும் மின்பம்பி இடையிடையே ‘டிக் டிக்’ என்று ஒலிக்கும். எஞ்சினும் அருவியும் இரைய, அவ்வொலி இல்லாமையை அவர் செவி கண்டுபிடித்தது. வண்டியை ஓரமாக்கவே எஞ்சின் தானாக அணைந்தது. எழுபத்தாறு வயதினராகிய அவர் சாக்கை விரித்து வண்டியின் கீழே படுத்தார். “சுவிச்சைப் போட்டுவிட்டு நில்லுங்கோ” என்று குரல் வந்தது. சாவியின் பிடியாற் பம்பியை இரண்டு தட்டுத் தட்டினார். ஒலி மீண்டது, மறுபடி நின்றது. மூடியைக் கழற்றிக் கரியேறிய தொடுமுனைகளைத் தீப்பெட்டியின் உரஞ்சும் பக்கத்தாற் தேய்த்தார். இருபது நிமிடத்திற் புறப்பட்டோம். தொடுமுனை பழைமையினாற் கரிந்தது. அதில் யாரையும் நோவதற்கில்லை.

நுவரெலியாவில் இரு நாள் தங்கினோம். எம் மனம் அந்த வளைவிலேயே நின்றது. அவர் இல்லாமற் போயிருப்பின் யாது நிகழ்ந்திருக்கும்? வண்டி பாரவூர்தியில் ஏறி ஊர் திரும்பியிருக்கும். இக்காலக் கராச்சுகளில் கணினியைச் செருகி நோயறிகின்றனர். எமது வண்டியிற் செருகுமிடம் இல்லை. அது பேசுவது ஒலியாலும் மணத்தாலும் நடுக்கத்தாலும். அம்மொழியை மண்ணெண்ணெய்க் காலத்திற் பசியோடிருந்து கற்றவர்கள் யாழ்ப்பாணத்திற் சிலரே எஞ்சியுள்ளனர். எமது பெரியவரின் மக்கள் மூவரும் வெளிநாட்டில் வேறு தொழில் செய்கின்றனர். அவருடைய இடக்கண் மங்கி வருகின்றது. ஆகவே கொழும்பு அன்பரின் வினாவுக்கு வண்டியை மட்டும் பார்த்து விடை சொல்லுதல் இயலாது. வண்டி நெடுவழிக்கு ஏற்றது, அதைக் கண்டுகொண்டோம். அதனைத் திருத்தும் கை உள்ளவரைதான் ஏற்றது. அக்கை ஓய்ந்தபின் அது காட்சிச் சாலைக்கே உரியது. அப்போது அவர் வாங்கிக்கொள்வதில் எமக்குத் தடை இல்லை.

கல்லூரியின் உயர்தரத் தொழினுட்பப் பிரிவு மாணவர் இருவர் சென்ற ஆண்டு முதற் சனிக்கிழமைகளிற் பெரியவரிடம் வருகின்றனர் என்று எழுதத்தான் இருந்தோம். அவருள் ஒருவன் சென்ற மாதம் கனடா போய்விட்டான். மற்றவன் வருகின்றான். தமிழ்ப் பாடத்தில் அவன் பெறும் புள்ளியை இங்குக் கூறோம். தொடுமுனை இடைவெளியை அளந்து வைக்கின்றான். முன்சக்கர முளைகளுக்குக் கிறீஸ் ஏற்றுகின்றான். இரு கார்புறேற்றரும் ஒருசேர மூச்சிழுக்கின்றனவா என்பதை ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக் கேட்க மட்டும் இன்னும் பழகவில்லை. அதற்கு ஒரு வருடம் வேண்டும் என்கின்றார் பெரியவர். வருகின்ற சித்திரை விடுமுறையில் அவனைப் பக்கத்து இருக்கையில் ஏற்றித் திருகோணமலை வரை போய்வர எண்ணியுள்ளோம். பெரியவர் வரமாட்டார், தொலைபேசியிலும் தம்மை அழைக்கக் கூடாது என்று இருவரிடமும் சொல்லிவிட்டார். கொழும்பு அன்பருக்கு, வைகாசிவரை பொறுக்குமாறு கடிதம் போட்டிருக்கின்றோம்.