தூக்கிச் செல்லும் தண்டவாளம்

மாதிரி ரயில் பலகை கட்டுவதில் எடைதான் எனக்கு முதல் கவலை. பலகைகளைத் தூக்கிச் சென்று ஒன்றோடொன்று இணைப்பதற்காக 1970களில் கலிபோர்னியாவில் தொடங்கிய என்-டிராக் முறை இன்றும் வியக்க வைக்கிறது. 4 அடிக்கு 2 அடிப் பலகை, தரையிலிருந்து 40 அங்குல உயரத்தில் தண்டவாளம். இந்த அளவு மாறாததால், முன்பின் தெரியாதவர்களின் பலகைகளும் இணைந்து ஒரே பாதையாகின்றன.

கனமான மரம்தான் பலம் என்பது தவறு. மெல்லிய பிளைவுட்டைப் பட்டைகளாக அறுத்து, செங்குத்தாக நிறுத்திச் சட்டம் கட்டுங்கள், எளிதில் வளையாது. மேலே 2 அங்குல இன்சுலேஷன் ஃபோம் போதும், ஆற்றையும் பள்ளத்தையும் அதிலேயே செதுக்கலாம். வெள்ளைத் தெர்மோகோல் வேண்டாம், உதிரும். பசை ஃபோமைக் கரைக்கிறதா என்று முதலில் ஒரு துண்டில் பாருங்கள்.

அடுத்த பலகையோடு சேரும் முனைப்பலகையில் மட்டும் சிக்கனம் கூடாது. கிளாம்ப் இறுகுவது அங்கேதான். அது கோணினால் ரயில் தடம் புரளும்.

ஒருவரே தூக்க முடிய வேண்டும். கட்டத் தொடங்குமுன் கார் டிக்கியை அளந்துவிடுங்கள்.